மூளையும் முதலும்

வீட்டில் எரிகிற மின்விளக்கை எடுத்துப் பாருங்கள், தோழர்களே! அதன் மேல் ஓர் எண் இருக்கும். எண்ணை அடுத்து ஒரு சொல் இருக்கும். 9 வாட் என்றோ 40 வாட் என்றோ பொறித்திருப்பார்கள். கடையில் கேட்கிறோம், காசு கொடுக்கிறோம், கொண்டுவந்து மாட்டுகிறோம். அந்த வாட் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதை எண்ணிப் பார்க்க நமக்கு ஓய்வேது?

மன்னனின் பெயரல்ல அது. மதகுருவின் பெயரல்ல. படை நடத்திப் பாராண்டவன் பெயருமல்ல. பட்டறையில் அரம் பிடித்த ஒருவரின் பெயர். ஜேம்ஸ் வாட்! 1819-இல் மறைந்தவர். மின்விளக்கை அவர் கண்டதே இல்லை. ஆயினும் ஆற்றலை அளக்கும் அலகுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று அறிவியலார் தேடியபோது, 1882-இல் முன்மொழியப்பட்ட பெயர் அந்தப் பட்டறைக்காரரின் பெயர்தான்.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். 2011-இல் இங்கிலாந்து வங்கி புதிய 50 பவுன் நோட்டு ஒன்றை வெளியிட்டது. 2022 செப்டம்பர் முடிய அது செல்லுபடியாயிற்று. அதன் பின்புறத்தில் வாட்டின் முகம் இருந்தது. தனியாக அல்ல! பக்கத்திலேயே இன்னொரு முகம்: மாத்யூ போல்டன் என்ற ஆலை முதலாளியின் முகம். அந்த வங்கி தன் நோட்டின் பின்புறத்தில் இருவர் படத்தைச் சேர்த்துப் பொறித்தது அதுவே முதல் முறை. அரம் பிடித்தவரும் ஆலை நடத்தியவரும் ஒரே தாளில்! ஏன் அப்படி? அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

இன்று சொல்லக் காரணம் உண்டு. பெரிய பெரிய நிறுவனங்கள் இன்று சின்னஞ்சிறு தொழில்நுட்ப நிறுவனங்களின் வாசலைத் தேடி வருகின்றன. உன்னிடம் அறிவு இருக்கிறது, என்னிடம் பணம் இருக்கிறது, வா, கூடித் தொழில் செய்வோம் என்கின்றன. ஹென்றி செஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2003-இல் இந்த முறைக்கு ஒரு பெயரிட்டு நூலே எழுதினார். திறந்த புத்தாக்கம் என்று தமிழில் சொல்லலாம். பெயர் புதிது, பொருள் பழையது. 250 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கூட்டை ஆடிப் பார்த்து, அதன் இனிப்பையும் கசப்பையும் உலகுக்குக் காட்டிச் சென்றவர்கள் வாட்டும் போல்டனும்.

வாட் என்றதும் பள்ளிப் புத்தகம் நமக்குச் சொன்ன கதை நினைவுக்கு வரும். சிறுவன் அடுப்பருகே உட்கார்ந்திருந்தானாம், கெண்டி கொதித்ததாம், மூடி ஆடியதாம், நீராவி இயந்திரம் பிறந்ததாம்! ஞானப்பால் கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712-இல், தாமஸ் நியூகோமன் என்ற இரும்பு வணிகர் நீராவி இயந்திரத்தை நிறுவிவிட்டார். நிலக்கரிச் சுரங்கங்களில் அது நீர் இறைத்துக் கொண்டிருந்தது. வாட் செய்தது வேறு. ஊதாரியாக இருந்த அந்த இயந்திரத்தைச் சிக்கனக்காரனாக்கினார். கெண்டி மூடியைப் பார்த்து வந்ததல்ல அந்தத் திறன். ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்டு, கடன்பட்டு, கையைச் சுட்டுக்கொண்டு பெற்றது.

1736 ஜனவரி 19-ஆம் நாள், ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்று முகத்துவாரத்திலுள்ள கிரீனாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை கப்பல் தச்சர், கடல் வணிகர். நலிந்த உடல் வாட்டுக்கு. தலைவலி நீங்காத் தோழன். ஆனால் தந்தையின் பட்டறையில் கை பழகியது. தாய் மறைந்தார், தந்தையின் வணிகமும் சரிந்தது. அளவுக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க 1755-இல் லண்டன் போனார். ஏழாண்டு கற்க வேண்டியதை ஓராண்டிலே கற்றார். உண்டும் உண்ணாமலும் உழைத்து, உடல் மெலிந்து, கையில் தொழிலோடு ஊர் திரும்பினார்.

கிளாஸ்கோ நகரில் ஒரு பட்டறை வைக்கலாம் என்று போனார். அங்கே நின்றது ஒரு தடுப்புச் சுவர்! சுத்தியல் பிடிப்போர் கூட்டம் என்று ஓர் அமைப்பு. அவர்கள் ஒப்பாமல் அந்நகரில் யாரும் உலோகத் தொழில் நடத்த முடியாது. இன்றைய தொழிற்சங்கத்தோடு இதைக் குழப்பிக் கொள்ளலாகாது. தொழிற்சங்கம் உழைப்பவனை உள்ளே அழைப்பது. அந்தக் கூட்டம் வெளியே நிறுத்துவது. நீ ஏழாண்டு எங்கள் முறைப்படி பயின்றவனல்ல, எங்கள் ஊர்க்காரன் மகனுமல்ல, ஆகவே தொழில் செய்யாதே என்றனர். கைத்திறனைப் பார்க்கவில்லை; கால்வழியைப் பார்த்தனர். பிறப்பைக் காட்டிப் படிப்பை மறுத்த நாட்டில் வாழும் நமக்கு இந்த வாதத்தின் வாடை தெரியாதா என்ன?

அப்போது கதவு திறந்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகம். அதன் வளாகத்துக்குள் நகரக் கூட்டத்தின் ஆணை செல்லாது. 1757-இல் உள்ளே ஓர் அறை கொடுத்து, பல்கலைக்கழகத்தின் கருவி செய்வோர் என்ற பெயரும் கொடுத்தார்கள். முந்திய ஆண்டு ஜமைக்காவிலிருந்து வந்த வானியல் கருவிகளைச் செப்பனிட்டுத் தந்த இளைஞன் என்று பேராசிரியர்களுக்கு அவரைத் தெரியும். அந்தக் கருவிகளை எழுதிவைத்துச் சென்ற செல்வர், அடிமைகளின் உழைப்பில் கொழுத்த ஜமைக்காத் தீவின் வணிகர். இங்கிலாந்தின் எழுச்சி வரலாற்றில் எந்த ஏட்டைப் புரட்டினாலும் ஓர் ஓரத்தில் இந்தக் கறை தெரியத்தான் செய்கிறது.

1763-இன் குளிர்காலம். வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதாகி வாட்டிடம் வந்தது. பழுது பார்த்தார். ஓடியது, ஆனால் சில வீச்சுகளிலேயே நின்றது. பாய்லரிலுள்ள நீராவி முழுதும் அதற்குள் தீர்ந்துவிட்டது. எங்கே போகிறது இவ்வளவு நீராவியும்?

இயந்திரத்தில் வேலை செய்து பழகிய தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். சிலிண்டருக்குள் நீராவியை விடுவார்கள். பிறகு அதே சிலிண்டருக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி குளிர்ந்து நீராகும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அடுத்த வீச்சுக்கு மீண்டும் நீராவி. ஆனால் சிலிண்டர்தான் குளிர்ந்து கிடக்கிறதே! வருகிற நீராவியில் பெரும்பகுதி அந்த இரும்பைச் சூடாக்கவே செலவாகும். சூடாக்கு, குளிரவை, மறுபடி சூடாக்கு! எரிந்த கரியில் முக்கால் பங்கு இப்படியே வீண்.

இரண்டாண்டு இதே நினைவு. 1765 மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நகரத்துப் பசும்புல் வெளியில் நடந்து போகையில் விடை தோன்றியது. குளிர வைக்கும் வேலையைச் சிலிண்டரில் ஏன் செய்ய வேண்டும்? பக்கத்தில் வேறொரு கலம் வைத்து, நீராவியை அங்கே இழுத்துக் குளிர வைத்தால் என்ன? சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்கும். கலம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அவ்வளவுதான்! ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியை இரும்பில் எழுதப் பதினோரு ஆண்டு பிடித்தது.

ஏன் பதினோரு ஆண்டு? மூளை இருந்தது, முதல் இல்லை! மாதிரி செய்யக் கடன். மாதிரி தோற்றால் மறுபடி கடன். பேராசிரியர் ஜோசப் பிளாக் கொடுத்து உதவினார். போதவில்லை. பிறகு வந்தார் ஜான் ரோபக். மருத்துவர், வேதியியல் அறிஞர், காரன் இரும்பு ஆலையை நிறுவியவர்களில் ஒருவர். அவருடைய நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்திருந்தது; இறைக்க வலுவான இயந்திரம் தேவை. வாட்டின் 1,000 பவுன் கடனை ஏற்றுக்கொண்டார். ஈடாகக் கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டார். 1769 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது.

காகிதம் கிடைத்தது, இயந்திரம் கிடைக்கவில்லை. சிலிண்டர் உருண்டையாக வரவில்லை. ஊர்க் கொல்லரும் தகரக்காரரும் அடித்துக் கொடுத்ததில் பிஸ்டனைச் சுற்றி இடைவெளி. துணி சுற்றினார், தக்கை வைத்தார், எண்ணெய் விட்டார். நீராவி சீறிக்கொண்டு வெளியேறியது. வயிற்றுப் பாட்டுக்காகக் கால்வாய் வெட்ட அளவெடுக்கும் வேலைக்குப் போனார் வாட். மழையிலும் சேற்றிலும் சங்கிலி பிடித்து நின்றார். 1773-இல் ரோபக் நொடித்துப் போனார். அதே ஆண்டில், மலைநாட்டில் அளவெடுத்துக் கொண்டிருந்த வாட்டுக்கு வீட்டிலிருந்து செய்தி வந்தது. மகப்பேற்றில் மனைவி மார்கரெட் மறைந்தார். கடன் ஒரு பக்கம், தாயில்லாக் குழந்தைகள் ஒரு பக்கம், ஓடாத இயந்திரம் ஒரு பக்கம். முப்பத்தேழு வயதில் முடிந்து போனவராக நின்றார் அந்த மேதை.

இங்கேதான் அந்த இரண்டாவது முகம் வருகிறது.

மாத்யூ போல்டன், பர்மிங்காம் நகரத்தவர். சோஹோ என்ற இடத்தில் பெரும் ஆலை கண்டவர். பொத்தான், கொக்கி, வெள்ளிச் சாமான் என்று நூற்றுக்கணக்கான கைகள் அங்கே வேலை செய்தன. ஆலையை ஓட்டியது நீர்ச் சக்கரம். கோடையில் ஓடை வற்றினால் சக்கரம் நிற்கும். ஆகவே அவருக்கும் இயந்திரம் தேவைப்பட்டது. ரோபக் முன்பே அவரிடம் ஒரு பேரம் பேசியிருந்தார்: மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் இயந்திரம் செய்துகொள்ளும் உரிமை தருகிறேன் என்று. போல்டன் மறுத்தார். மூன்று மாவட்டங்களுக்குச் செய்வதில் பயனில்லை, உலகம் முழுமைக்கும் செய்வதானால் வருகிறேன் என்றார். துண்டு துண்டாகச் செய்தால் துல்லியம் வராது; இதற்கென்றே ஆலையும் கருவியும் பழகிய கைகளும் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்தவர் அவர்.

ரோபக் போல்டனுக்குத் தர வேண்டிய கடன் 1,200 பவுன். அந்தக் கடனுக்கு ஈடாக, ரோபக்கின் மூன்றில் இரண்டு பங்கைப் போல்டன் ஏற்றுக்கொண்டார். மற்றக் கடன்காரர்கள் அந்தப் பங்கைச் செல்லாக் காசாக மதித்து விட்டுக்கொடுத்துவிட்டனர்! 1774-இல் வாட் தட்டுமுட்டுச் சாமான்களோடு பர்மிங்காம் சேர்ந்தார்.

தோழர்களே, அவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைக் கூர்ந்து பாருங்கள். கதையின் உயிர் இதிலேதான் இருக்கிறது. கண்டுபிடிப்பில் இரண்டு பங்கு போல்டனுக்கு, ஒரு பங்கு வாட்டுக்கு. இது வரை கேட்டால் முதலாளி முக்கால்வாசியை விழுங்கிவிட்டார் என்று தோன்றும். பொறுங்கள். சட்டச் செலவு, சோதனைச் செலவு எல்லாம் போல்டனுடையது. சோதனைக்குப் போட்ட பணம் போனால் போனதுதான். வாட்டிடம் திருப்பிக் கேட்கக்கூடாது, வட்டியும் கூடாது. தொழிலுக்கு வேண்டிய கையிருப்பும் போல்டனே போட வேண்டும். வாட் போடுவது என்ன? வரைபடம், வழிகாட்டல், நேரில் போய்ப் பார்த்துக் கணக்கிடல். அதாவது, மூளையும் உழைப்பும் அவர் போடும் முதல் என்று ஏட்டில் ஏறியது. இலாபத்தில் மூன்றில் ஒன்று அவருக்கு. நட்டம் வந்தால் நட்டம் பெரியவன் தலையில். இலாபம் வந்தால் இலாபம் இருவர் கையில். அதுதான் அந்தக் கூட்டின் நீதி.

காப்புரிமையில் எஞ்சியிருந்த ஆண்டுகள் போதவில்லை. நாடாளுமன்றம் சென்றார்கள். தனியுரிமை கூடாது என்று எட்மண்ட் பர்க் போன்றோர் எதிர்த்தனர். ஆயினும் 1775-இல் சட்டம் நிறைவேறி, உரிமை 1800 வரை நீண்டது. சிலிண்டர் சிக்கலும் தீர்ந்தது, அதையும் தீர்த்தவர் வெளியார் ஒருவர். ஜான் வில்கின்சன் என்ற இரும்பு ஆலைக்காரர் பீரங்கிக் குழாயைத் துல்லியமாகக் கடைவதற்கு 1774-இல் ஒரு முறை கண்டார். அந்தத் திறனைச் சிலிண்டரின் பக்கம் திருப்பினார். 50 அங்குல அகலச் சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்தளவுகூடப் பிசகில்லை என்று மகிழ்ந்தார் போல்டன். மனிதரைக் கொல்லும் குழாயைக் கடைந்த கை, மனிதரின் சுமையை இறக்கும் குழாயைக் கடைந்தது! 1776 மார்ச்சில், டிப்டன் என்ற ஊருக்கருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரம் ஓடியது. புல்வெளியில் தோன்றிய எண்ணம் பதினோராம் ஆண்டில் மூச்சு விட்டது.

வணிகத்தையும் புதுமையாக நடத்தினார்கள். இயந்திரத்தை விற்கவில்லை. சுரங்கக்காரர் உறுப்புகளை ஆங்காங்கே வாங்கிக்கொள்வார். வரைபடமும் வால்வு போன்ற நுட்ப உறுப்புகளும் பொருத்தும் ஆளும் சோஹோவிலிருந்து வரும். கட்டணம்? பழைய இயந்திரம் தின்றிருக்கும் கரியைவிட எவ்வளவு கரி மிச்சமோ, அந்த மிச்சத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சமில்லையேல் கட்டணமில்லை! வீச்சுகளை எண்ண இயந்திரத்திலேயே ஒரு பூட்டிய எண்ணிப் பெட்டி. கார்ன்வால் நாட்டுச் செம்புச் சுரங்கங்களுக்குக் கரி கடல் கடந்து வேல்சிலிருந்து வர வேண்டும்; தீப்பிடித்தாற்போல விலை. ஆகவே அங்கே இயந்திரங்கள் வரிசையாக எழுந்தன.

அப்படியும் எளிதில் பணம் வரவில்லை. போல்டன் சொத்துகளை விற்றார், அடகு வைத்தார், கடன்மேல் கடன் வாங்கினார். வாட் நாள்தோறும் நொந்துகொண்டார், விட்டுவிடுவோம் என்பார். போல்டன் விடவில்லை. சுரங்கம் மட்டும் போதாது, ஆலைச் சக்கரத்தைச் சுழற்றும் இயந்திரம் செய் என்று தூண்டியவர் அவர்தான். அதன் விளைவாக 1781 முதல் 1784 வரை அடுக்கடுக்காகக் காப்புரிமைகள்: சுழல் இயக்கம், பிஸ்டனின் இருபுறமும் நீராவி தள்ளும் முறை, தண்டை நேராக இயக்கும் இணைப்பு. குதிரைகளுக்குப் பதிலாக இயந்திரம் வாங்குவோருக்கு விளங்கட்டும் என்று, நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலையை ஒரு குதிரைத்திறன் என்று கணக்கிட்டார் வாட். இன்றும் மோட்டார் பம்பு வாங்கப் போகிறவன் அந்தக் கணக்கைத்தான் கேட்கிறான். உரிமை முடிந்த 1800-க்குள் அவர்களுடைய இயந்திரங்கள் 450-க்கும் 500-க்கும் இடையே ஓடின.

இத்துடன் நிறுத்தினால் இது பாராட்டுரை, வரலாறு ஆகாது. மறுபக்கத்தையும் காண வேண்டும்.

சிறியவராக இருந்து, பெரியவரின் தோளில் ஏறி உயர்ந்த வாட், உயர்ந்தபின் மற்றச் சிறியவர்களை எப்படி நடத்தினார்? ஜொனாதன் ஹார்ன்புளோவர் என்ற பொறியாளர் 1781-இல் இரண்டு சிலிண்டர் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சிலிண்டரில் வேலை செய்த நீராவியை இன்னொன்றில் மீண்டும் வேலை வாங்கும் நல்ல எண்ணம். ஆனால் தனிக் கலத்தில் குளிர வைக்கும் முறை எமது என்று போல்டன்-வாட் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அவர்களிடமே இயந்திரம் பொருத்தும் வேலை பார்த்த எட்வர்டு புல் மீதும் வழக்கு. 1790-கள் முழுதும் நீதிமன்றம். 1799-இல் வெற்றி நிறுவனத்துக்கு. ஹார்ன்புளோவரின் எண்ணம் உறங்கிற்று. 1804-இல் ஆர்தர் உல்ஃப் கையில்தான் அது மீண்டும் எழுந்தது. உயர் அழுத்த நீராவி ஆபத்து என்று வாட் எதிர்த்து வந்தார். உரிமை முடிந்த மறு ஆண்டு, 1801-இல், ரிச்சர்டு டிரெவிதிக் அதே உயர் அழுத்தத்தால் சாலையில் வண்டி ஓட்டினார். 1804-இல் தண்டவாளத்தின் மேல் ஓட்டினார். அணை திறந்ததும் வெள்ளம் பாய்ந்ததைப் பார்த்தீர்களா?

தன் வீட்டுத் தொழிலாளிக்கு என்ன செய்தது அந்த நிறுவனம்? வில்லியம் மர்டாக், 1777-இல் சோஹோவில் வேலைக்குச் சேர்ந்தவர். கார்ன்வாலில் இயந்திரங்களைப் பொருத்தி, பழுது பார்த்து, இரவு பகல் பாராமல் உழைத்தவர். சூரியனைக் கோள் சுற்றுவதுபோல் பல்சக்கரம் சுற்றும் அமைப்பை எண்ணியவர் அவரே என்று பலர் கருதுகின்றனர். காப்புரிமை வாட்டின் பெயரில்! 1784-இல் தானே ஓடும் நீராவி வண்டியின் சிறு மாதிரி செய்தார் மர்டாக். அதற்கு உரிமை பெற 1786-இல் லண்டன் புறப்பட்டவரை, எக்சிட்டர் நகரில் போல்டன் எதிர்கொண்டு, பேசித் திருப்பி அனுப்பினார். நிறுவனத்து வேலை கெடுமாம்! 1792-இல் நிலக்கரி வாயுவால் தம் வீட்டில் விளக்கேற்றினார் அதே மர்டாக். பின்னாளில் நகரங்கள் வெளிச்சம் பெற்றன. மர்டாக் பெயரில் காப்புரிமை இல்லை. பல ஆண்டு கழித்தே கூட்டாளியாக ஏற்கப்பட்டார்.

ஒரு காலத்தில் வாட்டுக்குச் சுவர் எழுப்பியது சுத்தியல் பிடிப்போர் கூட்டம். பிற்காலத்தில் அதே வாட், காப்புரிமை என்ற பெயரில் வேறொரு சுவர் எழுப்பினார். மேதையும் மனிதர்தான், மனிதரை மனிதராகவே பார்ப்பதுதான் பகுத்தறிவு.

1800-இல் கூட்டொப்பந்தம் முடிந்தது. மகன்களிடம் தொழிலை ஒப்படைத்தனர். போல்டன் 1809-இல் மறைந்தார். வாட், 83 வயது வாழ்ந்து, 1819 ஆகஸ்ட் 25-ஆம் நாள் மறைந்தார். மர்டாக் 1839-இல். ஹேண்ட்ஸ்வொர்த் ஊரின் தேவாலயத்தில் மூவருமே அடக்கமாயினர். 1956-இல் பர்மிங்காமில் ஒரு சிலை திறந்தார்கள். பொன்முலாம் பூசிய சிலை. ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மூவர் நிற்கிறார்கள்: போல்டன், வாட், மர்டாக். முதல், மூளை, கை!

இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இயந்திரம் ஓடும். இன்று பெருநிறுவனத்தின் கதவைத் தட்டும் இளைஞனுக்கும், அவனுடைய பட்டறையில் அரம் பிடிக்கும் தொழிலாளிக்கும் நாம் சொல்ல வேண்டியது இதுதான். கூட்டுச் சேர், தவறில்லை. வாட் தனியே நின்றிருந்தால் கால்வாய் அளந்தே காலம் கழிந்திருக்கும். ஆனால் கேள்! என் அறிவு முதலாக ஏட்டில் ஏறுகிறதா? தோல்வியின் செலவு யார் தலையில்? இலாபத்தில் என் பங்கு எழுத்தில் உண்டா? ஒப்பந்தம் முடியும் நாள் எது? நாளை எனக்குப் பின்னால் வருகிறவனுக்குக் கதவு திறந்திருக்குமா? இந்த ஐந்துக்கும் விடை பெற்றுக் கையெழுத்திடு.

நோட்டில் இரண்டு முகங்களைப் பொறித்தார்கள், சரி. மூன்றாவது முகத்துக்கு அந்தத் தாளில் இடமில்லாமல் போயிற்று. அந்த இடத்தைப் பெற்றுத் தருவதுதான் தொழிலாளர் இயக்கத்தின் வேலை, நமது வேலை.